எலி உடைத்த அணையா?

யமன் நாட்டின் மாரிப் பாலை விளிம்பில் இரண்டு கல் மதகுகள் தனித்து நிற்கின்றன. ஸபா மக்கள் கட்டிய பேரணையின் மிச்சம் அவை. சுமார் 600 மீட்டர் நீண்ட அதன் மண்கரை, மழைவெள்ளத்தைத் தடுத்து இருபுறத் தோட்டங்களுக்கும் பங்கிட்டது. திருமறை சுட்டும் இரு சோலைகள் அவையே என்பர்.

எலி கரண்டி அணை சரிந்தது என்பது பழங்கதை. கல்வெட்டுகள் கூறும் வரலாறு வேறு. கரை பலமுறை உடைந்தது. மக்கள் திரண்டு அடைத்தனர். யானைப்படையால் நாமறிந்த அப்ரஹாவும் கி.பி. 548இல் அதைச் செப்பனிட்டான். பின்னர் நேர்ந்த பேருடைப்பை அடைப்பாரில்லை, மக்கள் சிதறினர்.

மறைந்தது மந்திர இரகசியம் அன்று. வண்டல் அகற்றிக் கரை காத்த கூட்டுழைப்பே. ஸபாவினர் நன்றி மறந்தனர் என்கிறது இறைமறை. பெற்ற அருட்கொடையைப் பேணிக் காப்பதும் நன்றியே அல்லவா?