விமான நிலையச் சுவரில் கண்ட தீவு



உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோர், வளைகுடாவுக்குத் திரும்பும் மகன், கொழும்புக்குச் செல்லும் மைத்துனர் என யாரையேனும் வழியனுப்ப, விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நீங்கள் மீனம்பாக்கம் சென்றிருப்பீர்கள். பயணத்தில் சலிப்பூட்டுவது காத்திருப்பதுதான். அந்நேரத்தைப் பயனுள்ளதாக்க எண்ணிய சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் 1980-ல் தன் கூடங்களிலேயே கலைக்காட்சிகளைத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாம் நிலையத்தில் 2002-ல் நகரின் பெரிய அருங்காட்சியகமே ஒரு கிளையைத் திறந்தது. மும்பையின் இரண்டாம் முனையம் 2014-ல் திறக்கப்பட்டபோது, நாடெங்குமிருந்து திரட்டிய கலைப்பொருள்கள் அதன் நெடுஞ்சுவரை அலங்கரித்தன.

கொழும்பிலிருந்து திரும்புகையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நானும் அவ்வாறு காத்திருந்தேன். எதிரே சிகிரியா ஓவியத்தின் பிரதியொன்று இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் பாறைக்குடைவில் தீட்டப்பட்டவை அவை. எஞ்சியுள்ள உருவங்கள் ஏறத்தாழ இருபதே. அவற்றின் மீதும் 1967-ல் விஷமிகள் சாயம் பூசினர். வல்லுநர்கள் அரும்பாடுபட்டு அதனை நீக்கினர். இதனைச் சொன்னபோது உடன் வந்த பேரன், "நம் ஊரில் இப்படி ஏதும் இல்லையா?" என்று கேட்டான். எனக்கு வெட்கமாகிவிட்டது. இருக்கிறது, நான்தான் அவனை அழைத்துச் சென்றதில்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் மண்டகப்பட்டு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி இதனை அமைத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதம் கொள்ளும் குடைவரை அங்கேதான் இருக்கிறது. அப்பகுதியிலேயே பனைமலை. இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலின் சிறு சன்னதியில், குடை நிழலில் ஒசிந்து நிற்கும் தேவியின் ஓவியம் பாதி அழிந்தும் எழில் குன்றாமல் இருக்கிறது. பிற சமயத்தார் வழிபடும் இடமாகையால் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் முறைமையை மதித்து நடந்துகொள்ளுங்கள்.

தீவுக்கும் இம்மண்ணுக்கும் உறவு புதிதன்று. 7ஆம் நூற்றாண்டில் இலங்கை இளவரசன் மானவர்மன் பல்லவர் அவையில் அடைக்கலம் புகுந்தான். பல்லவப் படையின் துணையோடு இரண்டாம் முயற்சியில் அரியணையைக் கைப்பற்றினான். அநுராதபுரத்து இசுருமுனியாவில் நீராடும் யானைகளின் புடைப்புச் சிற்பம் உண்டு. அதில் மாமல்லபுரத்தின் சாயலைக் கண்ட ஆய்வாளர் பலர்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது விழுப்புரத்திற்கு மேற்கேயுள்ள கீழ்வாலை. வரலாற்றுக்கு முந்திய மாந்தர் செங்காவியால் வரைந்த உருவங்கள் அங்குள்ள பாறையில் இருக்கின்றன. காவலுக்குக் கண்ணாடிப் பேழை இல்லை. வெயிலும் மழையும் நேரே படுகின்றன. சுற்றுவட்டாரப் பாறைகள் கல்லுக்காக உடைபட்டு வந்திருக்கின்றன. போதாக்குறைக்குப் பெயர் எழுதிப் பார்க்கும் நம் பிள்ளைகள்! உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கரித்துண்டு இருந்தால் காரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வெயில் ஏறுமுன் செல்வது நலம். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். பாறையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் படம் தெளியும் என்று யாரேனும் சொன்னால் விடாதீர்கள், சாயம் கரையும். அந்த உருவங்களில் சிலவற்றைப் படகில் செல்வோர் என்கின்றனர். பேரன் அதன் முன்தான் நெடுநேரம் நின்றான். "இவர்களும் தீவுக்குத்தான் போனார்களா?" என்றான்.