புலிக்குத் தமிழ் தெரியாது

புலியாக இருப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் புலியாக இருந்து பார்க்காதவர்கள். நான் இருந்திருக்கிறேன். உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி நின்ற ஒரு புளிய மரத்தடியில், ஒரு கோடை விடுமுறை பூராவும் விட்டு விட்டுப் புலியாக இருந்தேன். அப்புறம் அந்தப் பதவியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியதுகூடப் பெரிதில்லை. நீக்கிய விதம் இருக்கிறதே, அது இன்னமும் உறுத்துகிறது.

அப்போது உத்திரமேரூர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 1997-ல் ஜில்லாவைப் பிரித்தபோதுதான் அது காஞ்சிபுரத்தின் கீழ் வந்தது. எனக்கு 11 வயது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் தெருப் பிள்ளைகள் பதினைந்து பேர் புளிய மரத்தடியில் கூடுவோம். கூடினவர்களில் மனிதர்கள் யாரும் கிடையாது. ஆடு, புலி, கோழி, குஞ்சு, பருந்து, குதிரை, இவ்வளவுதான்.

சங்கிலி புங்கிலி ஆடாத தமிழ்ப் பிள்ளை அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. கைகோத்த வட்டத்துக்கு உள்ளே ஆடுகள், வெளியே புலி. கதவைத் திறக்கச் சொல்லிப் புலி கேட்கும். மாட்டோம் என்று சங்கிலி சொல்லும். கோழியும் பருந்தும் ஆட்டத்தில் தாய்க்கோழி கைகளை விரித்துக்கொண்டு முன்னால் நிற்க, குஞ்சுகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிக்கொண்டு பின்னால் வளைந்து வளைந்து ஓடும். பருந்துக்குக் கடைசிக் குஞ்சின் மேல்தான் கண். பச்சைக் குதிரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குனிகிறவன் குதிரை, தாண்டுகிறவன் குதிரையின் முதுகில் உள்ளங்கையைத்தான் ஊன்றலாம், முழங்காலை ஊன்றினால் ஆட்டம் போச்சு.

வெளியிலிருந்து பார்க்கிற பெரியவர்களுக்கு இது வெறும் கூச்சல். எங்கள் வீட்டுத் திண்ணையில் கரிக்கோடு இழுத்து ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த என் தாத்தாவே, “என்னடா காட்டுக் கத்தல்?” என்று அதட்டுவார். அவர் ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். பக்கத்துப் புள்ளியில் தனியாக மாட்டிக்கொண்ட ஆட்டைத் தாண்டிப் புலி வெட்டும். இரண்டு ஆடு அடுத்தடுத்து ஒரே கோட்டில் நின்றுவிட்டால் வெட்ட முடியாது. புலியை நகரவிடாமல் சுற்றி அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. அவருடைய சட்டம் அவ்வளவுதான். எங்களுக்கு இருந்த சட்டங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதை கொடுத்திருப்பார்.

முதல் சட்டம், புலி யார் என்பதைப் புலி தீர்மானிக்கக் கூடாது. சா பூ த்ரீ போட்டு, கை மாறி விழுகிறவன்தான் புலி. ஒரு தடவை புலியாக இருந்தவன் மற்றவர்கள் ஒரு சுற்று வரும்வரை மறுபடி புலியாக வரக் கூடாது. பாயுமுன் ஒரு தடவையாவது உறுமவேண்டும். நிஜப் புலி இப்படி நோட்டீசு கொடுத்துவிட்டுப் பாய்வதில்லை என்று நான் ஒருமுறை வாதாடினேன். “நிஜப் புலிகிட்டப் போய் வெளையாடு” என்று பதில் வந்தது. தொட்டால் போதும், நகம், பல், தலைமயிர் மூன்றும் விலக்கு. கோபத்தில் ஒருவன் அப்பன் பேரையோ ஜாதியையோ இழுத்தால் அன்றைக்கு ஆட்டம் கலைந்தது. தொட்டேன் என்று புலியும் தொடவில்லை என்று ஆடும் சொன்னால், ஆட்டின் வார்த்தைதான் நிற்கும். பட்டதா இல்லையா என்பது படுகிறவனுக்குத்தானே தெரியும்?

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல் இருந்தது. அம்பேல்! காலில் முள் குத்தினால் அம்பேல். நிஜார் அவிழ்ந்தால், அம்மா கூப்பிட்டால், மூச்சு வாங்கினால் அம்பேல். ஆங்கிலத்தில் ஜாமீனைப் பற்றிய ஏதோ ஒரு வாக்கியம் சிதைந்துதான் இப்படி ஆயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. எப்படி வந்தால் என்ன? அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில், பாய்ந்து அந்தரத்தில் இருக்கிற புலியும் பூனையாகிவிட வேண்டும்.

இன்னொரு பதவியும் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. நாலு வயசு, ஐந்து வயசுத் தங்கைகளும் தம்பிகளும் விட்டுப்போனால் அழுமே, அவர்களுக்கென்று ஏற்பட்ட பதவி. சப்பாணி கூடவே ஓடலாம், கத்தலாம், புலியின் வாலைக்கூடப் பிடித்து இழுக்கலாம். புலி துரத்துகிற மாதிரி பாவனை செய்யும், பிடிக்காது. தான் சப்பாணி என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியக் கூடாது என்பதும் சட்டத்தில் சேர்ந்ததுதான்.

இதையெல்லாம் எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் நாங்கள் ஒளிந்து விளையாடிய கோயில் மண்டபத்தின் சுவரிலே வேறு ஒரு சட்டம் எழுதித்தான் இருந்தது. அப்போது அது எங்களுக்கு முதுகு சாய்த்துக்கொள்ளக் குளிர்ச்சியான கல், அவ்வளவே. முதல் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபை கூடிக் குடவோலை முறைக்கு வகுத்த விதிகள் அவை என்று வாலிபனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ கேட்ட சங்கதியாக இருந்தது. 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்கவேண்டும். வாரியத்தில் இருந்தவன் மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம். கணக்குக் காட்டாதவனும் பிறர் பொருளைக் கவர்ந்தவனும் வரவே கூடாது. குடத்திலிருந்து ஓலையை எடுக்கிறவன் விவரம் அறியாத ஒரு சிறு பையன். அவன் எடுத்துக் கொடுக்கிற ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்துவிட்டால்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கள்ளாட்டத்தை நன்றாக அறிந்திருந்தவர்கள்!

ஒரே ஒரு குறை சொல்வேன். காணி இறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் உள்ளவனும், வேதம் கற்றவனும்தான் அந்தக் குடத்துக்குள் போகலாம். ஏரி வாரியம் என்று ஆறு பேர் இருந்து வயிரமேக தடாகத்தைப் பார்த்துக்கொண்டார்கள், சரி. அந்த ஏரியில் இறங்கி மண் சுமந்தவனுக்கு ஓலை கிடையாது. எங்கள் புளிய மரத்தடியில் சப்பாணிக்குக்கூட இடம் இருந்தது. கணக்குக் காட்டாதவனோடு அவன் மாமன், மைத்துனன், சித்தி மகன் எல்லோரையும் அந்தக் கல்வெட்டு தள்ளி வைக்கிறது. நான் குற்றம் செய்த மறுநாள் என் தம்பி வழக்கம்போல ஆட்டத்துக்குப் போனான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக் கால்வாயில் முறைத் தண்ணீர் விடுவதில் என் அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகராறு. எங்கள் முறையில் ராத்திரியோடு ராத்திரியாக மடையை மாற்றிவிட்டார் என்று அப்பா சொன்னார். அவர் இல்லை என்றார். வீட்டில் சாப்பாட்டு வேளையெல்லாம் இதே பேச்சு. அப்பா ஒன்றும் கொடியவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் சோற்றைப் பிசைந்தபடி அவர் சொன்ன வார்த்தைகளை நான் உருண்டை உருண்டையாக விழுங்கியிருக்கிறேன் போலும். பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒரு மகன், என் வயது, என் வகுப்பு. அவனும் நானும் ஒரே பெஞ்சு.

அன்றைக்கு நான் புலி, அவன் ஆடு. சங்கிலி அறுந்தது, ஆடுகள் சிதறின. மற்ற ஆடுகள் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஓடின. நான் அவற்றை விட்டுவிட்டு அவனையே துரத்தினேன். மரத்தைச் சுற்றி இரண்டு சுற்று. வேரில் தடுக்கி விழுந்தான். விழுந்தபடியே, “அம்பேல்!” என்றான். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்துவிட்டேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அவன் அழவில்லை. கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பல் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் ரத்தம் கசிந்தது.

“அம்பேல் சொன்னானே, காதுல விழலியா?” என்று கேட்டாள் தபால்காரர் மகள். எங்களில் மூத்தவள், 13 வயது.

நான் சாமர்த்தியமாகப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “புலிக்குத் தமிழ் தெரியாது” என்றேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “கடிச்சது புலி இல்ல, நீ” என்றாள். அப்புறம் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “இவன் சப்பாணி” என்றாள். “எது வரைக்கும்?” என்று யாரோ கேட்டார்கள். கடிபட்டவனைக் காட்டி, “இவன் சொல்ற வரைக்கும்” என்றாள்.

விரட்டியிருந்தால் வீறாப்பாகப் போயிருப்பேன். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். சப்பாணியாக்கினார்கள். மறுநாள் நான் ஓடினேன். துரத்தினார்கள், ஆனால் பிடிக்கவில்லை. புலி என் பக்கம் வரும், கையை ஓங்கும், ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடும். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, இன்னொரு சப்பாணி, என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்மளப் புடிக்கவே முடியலடா அவுங்களால!” என்று குதித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. போகாமலும் இருக்க முடியவில்லை. போகாவிட்டால் வீட்டில் காரணம் கேட்பார்கள்.

அந்த நாட்களில் ஒரு பழைய காட்சி அடிக்கடி ஞாபகம் வந்தது. அதற்கு முந்திய வருஷம் எங்கள் தெருவுக்கு ஒரு புலிவேஷக்காரர் வந்திருந்தார். உடம்பெல்லாம் மஞ்சள், அதன் மேல் கறுப்புக் கோடு, நீளமான வால், பின்னால் பறை. திருச்சூரில் ஓணத்தின் நாலாம் நாள் இந்தப் புலிகள் கூட்டம் கூட்டமாக வருவதைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு வந்தது ஒற்றைப் புலிதான். எங்கள் வாசலில் அவர் எம்பிக் குதித்ததும் என் அத்தையின் குழந்தை வீரிட்டு அழுதது. அவர் சட்டென்று பறையை நிறுத்தச் சொன்னார். நாலு காலில் மண்டியிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்புறமாகவே நகர்ந்து வந்து, வாலின் நுனியைக் குழந்தையின் பக்கம் நீட்டினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் சாயத்தைத் துடைக்க அம்மாவிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வால் மட்டும் அவர் தோளில் சுருட்டிக் கிடந்தது.

ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் அவன் புலி. மணிக்கட்டில் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. நான் வழக்கம்போல, பிடிபடமாட்டோம் என்ற அலட்சியத்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு உறுமல். முதுகில் பளாரென்று ஒரு கை விழுந்தது. நிஜமான கை.

“அவுட்டு” என்றான்.

தபால்காரர் மகள் ஒன்றும் சொல்லவில்லை. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடத் தயாராக நின்றாள். அடுத்த புலி நான். தேவைக்கு மேல் இரண்டு தடவை உறுமினேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான்.

எங்கள் அப்பாக்களின் விவகாரம் முன்சீப் கோர்ட்டுக்குப் போயிற்று. வருஷக்கணக்கில் வாய்தா, வக்கீல் பீஸ், அலைச்சல். தீர்ப்பு வந்தபோது தண்ணீர் விட வேண்டிய நிலத்தில் பாதியை இரண்டு பேருமே விற்றிருந்தார்கள். சாகிறவரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. அவனும் நானும் இரண்டு பக்கத்து வண்டியிலும் கோர்ட்டுக்குப் போய், வெளியே மரத்தடியில் ஒன்றாக வேர்க்கடலை தின்றிருக்கிறோம்.

சென்ற வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். புளிய மரம் இல்லை. கோயில் வாசலில் தொல்பொருள் துறையின் பலகை. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த பள்ளிப் பிள்ளைகள் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் என்னோடு வந்திருந்தான். கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறான். பிள்ளைகளில் ஒரு வாண்டு கல்வெட்டை விட்டுவிட்டுத் தூணுக்குத் தூண் தாவி, “உர்ர்” என்று தன் தோழியைத் துரத்தியது. அவள் அவன் கைத்தடிக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டு மூச்சு வாங்க, “டைம் ப்ளீஸ்!” என்றாள். பையன் அப்படியே நின்றான்.

இவன் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினான். சுருக்கங்களுக்கு நடுவில் எது தழும்பு, எது சுருக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

“இப்பவாவது தமிழ் வந்துதா உனக்கு?” என்று கேட்டான்.

“எழுதிப் பொழைக்கிற அளவுக்கு” என்றேன்.