பேரனின் கெண்டைக்கால் வலி

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 19 வயது. காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவன். கொஞ்ச தூரம் ஓடினதும் இடது கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். பயிற்சி கொடுத்தவர் சுளுக்கு என்றார். ஒரு மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்படியே எட்டு மாதம் போயிற்று.

ஓடினால் வந்து நின்றால் போகும் இந்த வலிக்குப் பிரெஞ்சில் 'க்ளோதிகாசியோன்' என்று பெயர். நொண்டுதல் என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. 1831-இல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை ஒரு குதிரையிடம் கண்டு எழுதினார். 1858-இல் ஷார்க்கோ மனிதனிடம் விவரித்தார். நம் வயதுக்காரர்களுக்குச் சர்க்கரையாலும் சிகரெட்டாலும் ரத்தக்குழாய் அடைத்து இது வரும். 19 வயதுப் பையனுக்கு ஏன் வரவேண்டும்?

கடைசியில் பார்த்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் அவனைப் படுக்கவைத்துப் பாதத்தில் நாடி பார்த்தார். என்னையும் விரல் வைக்கச் சொன்னார். நன்றாகத் துடித்தது. பிறகு பாதத்தைக் கீழே பலமாக அழுத்தச் சொன்னார். என் விரலுக்கடியில் துடிப்பு நின்றுவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில், கெண்டைச் சதையின் இரண்டு தலைகளுக்கு நடுவே தமனி இறங்கவேண்டும். இவனுக்குக் கருவிலேயே அது வழி மாறி, உட்புறத் தலையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. சதை இறுகும்போதெல்லாம் குழாயை நசுக்கும். 1879-இலேயே எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர், வெட்டி எடுத்த காலை அறுத்துப் பார்த்தபோது இந்த அமைப்பைக் கண்டிருக்கிறார். அறுவை செய்து சரிப்படுத்த 1959 ஆயிற்று. ஹாலந்தில், ஒரு 12 வயதுச் சிறுவனுக்கு.

குழாய் கெடாமல் இருந்தால் சதையை வெட்டி விடுவித்தால் போதுமாம். நசுங்கி நசுங்கி உட்சுவர் தடித்துவிட்டால், காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுவழி போடவேண்டும். அறைக்குள் போகும்வரை எது என்று உறுதியாகச் சொல்லவில்லை. வெளியே மகளோடு உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம் பற்றி எழுத மனமில்லை. சிரை தேவைப்படவில்லை.

இந்த வருடத் தேர்வு போய்விட்டது. வயது வரம்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. வலது காலிலும் இதே அமைப்பு என்று ஸ்கேனில் தெரிந்ததால், தீபாவளி கழிந்து அதற்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள்.