போர்டோ கம்பெனி பெயரல்ல, ஊர் பெயர்

குருத்தழுகல் வந்த தென்னைக்குப் போர்டோ பசை தடவச் சொன்னால் உடனே வருகிற கேள்வி இது: “ஏனுங்க சார், போர்டோங்கறது எந்தக் கம்பெனிங்க? சோமனூர்க் கடையில கிடைக்குங்களா?”

போன மழைக்காலத்தில் கருமத்தம்பட்டி பக்கம் ஒரு தோட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டார் ஒரு விவசாயி. ஆறு விசைத்தறி, அறுபது தென்னை அவருக்கு. “தறி நின்னா தென்னை காப்பாத்துமுங்க, தென்னை காய்ப்பு நின்னா தறி காப்பாத்துமுங்க” என்பார். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்ற மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது தேங்காய்க் காசில்தான். அந்தத் தென்னையில் இரண்டு குருத்து சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்தது. நாற்றம் வேறு. ஏதோ ஒரு கடையில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது பூச்சிமருந்து. குருத்தழுகல் பூஞ்சாண நோய். பூச்சிமருந்து அதை என்ன செய்யும்?

போர்டோ என்பது பிரான்சின் தென்மேற்கில் உள்ள ஒரு துறைமுக நகரம். சிவப்பு ஒயினுக்கு உலகப் புகழ் பெற்ற வட்டாரம். நான் குடிக்கிற ஆளில்லை. பாட்டிலின் ருசி பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். ஆனால் வேளாண்மை படித்தவன் என்பதால் அந்தத் தோட்டங்களைப் பற்றித் தேடிப் படிப்பேன். கோயம்புத்தூரில் படித்தபோது போர்டோ கலவையின் அளவுகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். அது பிறந்த கதையை யாரும் சொல்லவில்லை.

போர்டோவுக்கு வடக்கே மெதோக் என்ற பகுதியில் சான் ஜூலியன் என்றொரு சிற்றூர். அங்கே ‘துக்ரு போக்காயு’ என்ற திராட்சை எஸ்டேட் இருக்கிறது. போக்காயு என்றால் ‘அழகான கூழாங்கல்’ என்று பொருள். நிலம் முழுக்கச் சரளைக்கல். நம்மூரில் அப்படி ஒரு காட்டைப் பார்த்தால் “இதுல கொள்ளு வெதைச்சாலே பெருசு” என்று சொல்லிவிட்டுப் போவோம். அங்கே அதுதான் சொத்து. மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். பகலில் சூடேறிய கல் இரவிலும் கொடிக்கு இதம் தரும். தண்ணீரைத் தேடி வேர் ஆழமாக இறங்கும். காய்ப்பு குறைவு, ஆனால் பழத்தில் சாரம் அதிகம்.

1855-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மெதோக்கின் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அளவுகோல் பெரும்பாலும் சந்தை விலைதான். தரகர்கள் போட்ட பட்டியல். துக்ரு போக்காயுவுக்கு இரண்டாம் தரம் கிடைத்தது. நூற்று எழுபது வருடம் ஆகியும் அந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறிய ஒரே தோட்டம் மூட்டான் ராத்சைல்ட். அதுவும் 1973-இல்தான்.

பாட்டிலில் தோட்டத்தின் பெயரோடு பழம் பறித்த வருடமும் இருக்கும். தோட்டமும் கொடியும் ஒன்றே என்றாலும், துளிர்க்கும்போது உறைபனி விழுந்த வருடத்துக்கும் அறுவடையில் மழை பிடித்த வருடத்துக்கும் ருசி வேறு, விலை வேறு. 1961, 1982 ஆகியவற்றை நல்ல வருடங்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையாகும். இங்கே வருடப் பேச்சுக்கே இடமில்லை. அதுவும் பிரான்சோடு தொடர்புள்ள திராட்சைதான். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சந்தைக்கு வரும் பெட்டியில் எந்த விவசாயியின் பெயரும் இல்லை. சோமனூர்க் காடாத் துணியின் கதையும் இதேதான். இங்கே நெய்த துணி வேறு ஊரில் சாயமேறி, இன்னொரு ஊரில் சட்டையாகி, யாரோ ஒருவர் பெயரில் கடையில் தொங்குகிறது. தறிக்காரருக்கு மீட்டர் கூலி மட்டும். பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டவன் விலையையும் தானே சொல்கிறான் என்பதை அந்தச் சரளைக்காட்டுக்காரர்கள் நம்மைவிட முன்பே புரிந்துகொண்டார்கள்.

ஆனால் அவர்களும் அழிவின் விளிம்பு வரை போய்த்தான் மீண்டார்கள். 1860-களில் அமெரிக்காவிலிருந்து போன ஒரு வேர்ப்பேன் பிரான்சின் கொடிகளை லட்சக்கணக்கில் கொன்றது. அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் அதைச் சமாளித்தார்கள். அப்படி வந்த அமெரிக்கச் செடிகளோடு இன்னொரு வினையும் வந்தது. அடிச்சாம்பல் நோய். 1878-இல் பிரான்சில் தென்பட்டது. சில வருடங்களில் இலையெல்லாம் கருகி உதிர ஆரம்பித்தது.

1882 அக்டோபரில் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சான் ஜூலியன் வழியாக நடந்து போனார். தோட்டத்துக்குள்ளே கொடிகள் மொட்டையாக நிற்க, ரோட்டோரக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. அந்த இலைகளில் நீலமாக ஏதோ பூசியிருந்தது. துக்ரு போக்காயு தோட்டத்து மேலாளரிடம் விசாரித்தார். வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்கிறார்கள். விஷம் என்று பயப்படட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்தோம் என்றார் அவர். திருடனுக்கு வைத்த வேலி நோய்க்கு மருந்தாகிவிட்டது! மில்லார்தே, கயோன் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து அளவுகளைச் சோதித்தார். அதே முதலாளிக்குச் சொந்தமான தோசாக் தோட்டத்திலும் சோதனை நடந்தது. 1885-இல் முடிவை வெளியிட்டார். கொஞ்ச காலத்தில் கலவை நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்தில் பாக்குக் காயழுகலுக்கு அதைப் பழக்கியவர் லெஸ்லி கோல்மன்.

நான் வியந்தது பேராசிரியரின் கேள்வியைத்தான். இலை ஏன் உதிர்ந்தது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது, இது மட்டும் ஏன் உதிரவில்லை என்று கேட்டிருக்கிறார்.

செய்முறைக்கு வருவோம். பசைக்கு மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் குச்சியால் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் பசை கிடைக்கும். தெளிப்பதற்கு 1 சதக் கலவை: வகைக்கு ஒரு கிலோ, தனித்தனியாக 50 லிட்டரில். பிளாஸ்டிக் டிரம் அல்லது மண்பானைதான். இரும்பு, பித்தளை, தகரப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி பாருங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாளைக்கென்று வைத்தால் பலனில்லை. வேறு மருந்தையும் இதோடு கலக்காதீர்கள். கையுறை, முகமூடி அவசியம்.

அழுகிய குருத்தை நல்ல திசு தெரியும்வரை வெட்டி எடுத்துப் பசையைத் தடவி, புதுக் குருத்து வரும்வரை மழை படாமல் சட்டியோ பாலிதீனோ போட்டு மூடுங்கள். வெட்டியதைத் தோப்பில் போடாமல் எரித்துவிடுங்கள். சுற்றியுள்ள மரங்களின் குருத்துப் பகுதிக்கு 1 சதக் கலவை தெளிக்க வேண்டும்.

“செலவு கம்மிதானே, மாசாமாசம் அடிச்சுடலாமுங்களா?” என்று சாமளாபுரத்தில் ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். இயற்கை விவசாயச் சான்றிதழ்கூட இதைக் கட்டுப்பாட்டோடுதான் அனுமதிக்கிறது. தாமிரம் மக்கிப் போகாது. மண்ணிலேயே சேரும், மண்புழுவைக் கெடுக்கும். நூறு வருடம் தெளித்த பிரெஞ்சுத் தோட்டங்களில் இன்று அதுதான் பிரச்சினை. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் கூடாது என்கிறது. மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம். அந்தக் கணக்குப்படி ஏக்கருக்கு வருடம் சுமார் ஆறரை கிலோ மயில்துத்தம். நம் தோப்பில் நோய் கண்ட மரத்துக்கும் அதன் பக்கத்து மரங்களுக்கும் மட்டும் அடித்தால் இதில் பாதிகூடச் செலவாகாது.