இந்தச் சாவு யார் கணக்கில்?

திங்கள், இரவு

நெட்ஹேக்கில் செத்தால் திரையில் ஒரு கல்லறை எழும். படமெல்லாம் கிடையாது, கோடும் அடைப்புக்குறியும் எழுத்துமாகச் சேர்த்துக் கட்டிய கல்லறை. பெயர், சேர்த்த தங்கம், செத்த விதம், வருஷம் எல்லாம் அதன்மேல் இருக்கும். செத்த விதத்தைச் சொல்லாமல் அந்த விளையாட்டு யாரையும் அனுப்பிவைக்காது. நரி கடித்துப் போனவன், பாரம் தாங்காமல் படிக்கட்டில் உருண்டவன், வயிறு நிறைந்த பிறகும் தின்று தொண்டை அடைத்தவன் என்று அவரவருக்கு அவரவர் காரணம். இன்று என் வால்கிரி வீராங்கனையைக் குள்ளன் ஒருவன் குந்தாலியால் இரண்டே அடியில் முடித்தான். நல்ல பெண். கேடயம் கிடைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பழைய சேவ் ஃபைலைத் திறந்து அவளை எழுப்ப வழியில்லை. இந்த விளையாட்டுக் குடும்பத்துக்கு மூத்தது 1980இல் வந்த ரோக்; கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. அதில் சேவ் என்பது எழுந்து போய்விட்டு வருவதற்கு மட்டும். திரும்ப வந்து திறந்த கணமே அந்த ஃபைல் அழிந்துவிடும். 1987இல் வந்த நெட்ஹேக்கும் அதே வழியில்தான் நடக்கிறது. பெர்மாடெத் என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான்.

என்னை விடாமல் பிடித்துவைப்பது அதற்குப் பிறகு நடப்பது. ஒருவன் செத்த நிலவறைத் தளத்தை நெட்ஹேக் சில சமயம் அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்திவிடும். அதே கணினியில் வேறொருவன், வேறொரு நாள், வேறொரு வீரனோடு இறங்கும்போது அந்தத் தளம் அவன் காலடியில் வரலாம். செத்தவனின் பொருள்கள் சிதறிக் கிடக்கும், பெரும்பாலும் சாபம் பிடித்து. செத்தவனின் பெயரையே தாங்கிய ஆவி ஒன்று ஆமை வேகத்தில் நகரும். கொன்றவன் பல சமயம் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருப்பான். பல்கலைக்கழகக் கணினிகளில் ஊர் பேர் தெரியாத மாணவர்கள் ஒருவர் பிணத்தை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள். என் வால்கிரியின் சாவு அந்த நிலவறைக்குத் தெரியும் என்பதே எனக்கு ஒரு மரியாதையாகப் படுகிறது.

புதன்

இந்த வகை விளையாட்டுகளில் சாவு கடுமையாக இருக்கணுமா, இளக்கமாக இருக்கணுமா என்று நாற்பது வருஷமாகச் சண்டை. நான் கேட்பது இன்னொன்று: செத்தது யாருக்குத் தெரியும்? சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி திறந்தால், அந்தச் சாவு அந்த உலகத்தில் நடக்கவே இல்லை. டிராகனுக்கு நெருப்பு கக்கிய ஞாபகம் இல்லை. கூட வந்தவர்களுக்கு நம்மைப் பறிகொடுத்த ஞாபகம் இல்லை. மொத்தச் சாவையும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருத்தரே சுமக்கிறார்.

விசார்ட்ரி அப்படி விடவில்லை. 1981, ஆப்பிள் 2 கணினி, ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதியது. ஆறு பேர் கொண்ட கூட்டம் பாதாளத்துக்குள் இறங்கும். ஒருவன் செத்தால் தூக்கிக்கொண்டு மேலே வந்து கோயிலில் காணிக்கை கட்ட வேண்டும். ஆள் எவ்வளவு தேறியவனோ அவ்வளவு கூடுதல் தொகை. பூசாரிகள் எழுப்பப் பார்ப்பார்கள். எழாமல் போனால் உடல் சாம்பலாகும். சாம்பலிலிருந்து எழுப்ப இன்னும் அதிகம் கேட்பார்கள். அதுவும் தவறினால் ஆள் போனவன் போனவன்தான், பட்டியலிலிருந்தே பெயர் எடுபட்டுவிடும். காசு வாங்கிக்கொண்டும் உறுதி தராத அந்தக் கோயில், இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக நேர்மையான இடங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

ஆறு பேரும் செத்தால் என்ன ஆகும் என்பதில்தான் அதன் பெருமையே இருக்கிறது. பிணங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஊரில் புதிதாக ஆள் சேர்த்து, அவர்களைத் தேற்றி, அதே ஆழத்துக்கு அனுப்பி, தேடி எடுத்து வர வேண்டும். தேடப் போனவர்களும் திரும்பாமல் போவதுண்டு. அப்புறம் இரண்டு கூட்டத்தைத் தேட மூன்றாவது கூட்டம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லாத விளையாட்டு அது. இருந்தும் மூன்றாவது கூட்டம் முதல் கூட்டத்தின் பிணங்கள் கிடக்கும் கட்டத்தை அடையும்போது, அதைவிடப் பெரிய கதை வேண்டியிருக்காது.

வெள்ளி

ஜப்பான்காரர்கள் விசார்ட்ரியை உயிராக நேசித்தார்கள்; ஆனால் 1986இல் டிராகன் குவெஸ்ட் செய்தபோது வேறு வழி எடுத்தார்கள். அதில் நாயகன் தோற்றால் அரண்மனையில் ராஜா முன்னால் கண் விழிப்பான். பாதிப் பணம் போயிருக்கும், அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும், ராஜா நாலு வார்த்தை திட்டுவார். திட்டுகிறாரே, அது முக்கியம். தோற்றது அவருக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்த இளக்கம்தான், அதற்குள்ளும் உலகம் கணக்கை மறக்கவில்லை.

1998இல் வந்த பால்டர்ஸ் கேட் மேல் எனக்குள்ள வருத்தமும் இதுதான். தோழன் செத்தால் கோயிலில் எழுப்பலாம். நாயகன் செத்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. அதே கோயில் இருக்கிறது, பையில் பணமும் இருக்கிறது, ஐந்து பேர் பக்கத்திலேயே நிற்கிறார்கள், ஒருவரும் அவனைத் தூக்கிப் போக மாட்டார்கள். கதையில் அதற்கொரு காரணம் உண்டு, அவன் பிறப்பு அப்படி. இருந்தாலும் அந்த ஐந்து பேருக்கும் துக்கப்பட ஒரு நிமிஷமாவது கொடுத்திருக்கலாம்.

ஃபைனல் ஃபேன்டசி 7இல் (1997) ஏரித் என்ற தோழி செத்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த விளையாட்டில் சண்டையில் விழுந்தவர்களை எழுப்ப ஃபீனிக்ஸ் இறகு உண்டு, கடையிலேயே கிடைக்கும். ஏரித்தை வில்லன் செபிரோத் குத்தும்போது பையில் அது நிறையக் கிடக்கும். பயன்படாது. அவளை மீட்க ரகசிய வழி இருக்கிறதென்று வருஷக்கணக்கில் வதந்தி ஓடியதற்குக் காரணம் அந்த இறகுகள்தான். சாவு இரண்டு வகை என்று அதுவரை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சனி, அக்கா வீட்டில்

அக்கா பையன் எல்டன் ரிங்கில் மார்கிட் என்ற எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னும் எத்தனை தடவைடா சாவ?” என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“செத்தாதாம்மா தெரியும், அவன் எப்ப கைய ஓங்குறான்னு.”

அப்புறம் என் பக்கம் திரும்பி, “மாமா, இங்க பாருங்க, யாரோ செத்திருக்கான்” என்றான். தரையில் சிவப்பாக ஒரு கறை. தொட்டதும் செம்புகை உருவம் ஒன்று எழுந்தது. எந்த நாட்டிலோ இதே விளையாட்டை ஆடிய ஒருத்தருடைய கடைசிச் சில நொடிகள். இடது பக்கம் உருண்டது, பாலத்தின் விளிம்பு தெரியாமல் பள்ளத்தில் விழுந்தது, மறைந்தது.

“அப்ப நான் வலது பக்கமாப் போறேன்.”

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2009இல் டீமன்ஸ் சோல்ஸில் கொண்டுவந்தது இந்த ரத்தக்கறை. நாம் செத்த இடத்தில், சேர்த்து இன்னும் செலவழிக்காத ஆன்மாக்கள் கிடக்கும். மறுபடி போய் எடுக்கலாம். எடுப்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் அது அடியோடு போய்விடும். அக்கா பையனின் பதற்றமெல்லாம் அந்த இரண்டாவது நடையில்தான். சாகும்போதுகூட அவ்வளவு பதறவில்லை.

எல்டன் ரிங்கின் கதையும் இதிலிருந்தே முளைக்கிறது என்பதை அவனுக்குச் சொன்னேன். மரிகா என்ற அரசி, விதிக்கப்பட்ட சாவை உலகத்தின் சட்டத்திலிருந்தே உருவி எடுத்து மாலிகெத் என்பவனிடம் பூட்டி வைக்கக் கொடுத்துவிட்டாள். அதனால் அங்கே யாரும் ஒழுங்காகச் சாவதில்லை. அதில் திருடிய ஒரு துண்டை வைத்து காட்வின் என்பவனைக் கொன்றபோது அவன் ஆன்மா மட்டும் செத்தது. உடல் சாகத் தெரியாமல் அந்த உலகத்தின் பெரிய மரத்தின் வேர்களுக்கடியில் வீங்கி வளர்ந்துகொண்டே போகிறது. நம் வீரன் மறுபடி மறுபடி எழுவதும் அந்த உலகத்தின் அதே நோயோடு சேர்ந்ததுதான். மாலிகெத்தை வென்று சாவைத் திறந்துவிட்டால்தான் அந்தப் பெரிய மரம் முழுதாக எரியும், கதை முடியும்.

“அப்ப சாவு வேணும்னு சண்டை போடறமா மாமா?” என்றான்.

ஆமாம் என்றேன். அவன் உடனே அடுத்த தடவை செத்தான்.

ஞாயிறு, நெடுநேரம்

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். பிளாக் ஐல் செய்தது, 1999, முதன்மை வடிவமைப்பாளர் கிறிஸ் அவெலோன். நான் சொல்ல நினைப்பதையெல்லாம் அது எனக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டது.

பிணவறை மேடையில் ஒருவன் கண் விழிக்கிறான். பெயர் தெரியாது. உடம்பெல்லாம் தழும்பு. முதுகில் பச்சை குத்தியிருப்பதை, பக்கத்தில் மிதக்கும் மண்டையோடு ஒன்று வாசித்துச் சொல்கிறது. அவனால் சாக முடியாது. ஒன்றிரண்டு இடங்கள் தவிர எங்கே அடிபட்டு விழுந்தாலும் எழுந்துவிடுவான். சேவ் ஃபைலைத் தேட வேண்டியதில்லை. ஆரம்பத்தில் இது வசதியாகத்தான் இருக்கிறது.

போகப் போகத் தெரிகிறது. அவன் ஒவ்வொரு தடவை சாகும்போதும், எங்கோ வேறு யாரோ அவனுக்குப் பதிலாகச் செத்திருக்கிறார்கள். அவர்கள்தான் நிழல்களாகி அவனைத் துரத்துகிறார்கள். வழியில் நாம் யோசிக்காமல் வெட்டித்தள்ளிய அந்த நிழல்கள்! லோட் பண்ணி எழும் பழக்கம் உள்ள எவரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் கையை எடுத்து வைத்துவிட்டு உட்காருவார்கள். சாவு அழிவதில்லை, இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது என்பதை இவ்வளவு நேராக எந்த விளையாட்டும் சொன்னதில்லை.

அவனுக்கு முன்னால் அவனாகவே பலர் வாழ்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் டெயோனாரா என்ற பெண்ணைக் காதலிப்பதாக நடித்து, செத்த பிறகும் அவள் ஆவி தனக்கு உதவும் என்பதற்காகவே அவளைச் சாகும் இடத்துக்கு அழைத்துப் போனான். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே அவள் ஆவியைப் பார்க்கிறோம். அவனைப் பார்த்ததும் ஏக்கமும் கோபமுமாகப் பேசுகிறாள். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. செத்த தோழர்களை எழுப்பும் ஆற்றலை அவனுக்கு நினைவூட்டித் தருவதும் அவள்தான். அந்த ஆற்றலை விளையாட்டு முழுக்க நாம் பயன்படுத்துகிறோம், ஒவ்வொரு தடவையும் அவளிடம் பட்ட கடனில்.

முதல் பிறவியில் அவன் செய்த பாவம் ஒரு ஆயுளில் தீர்க்க முடியாத அளவு. தீர்க்க அவகாசம் வேண்டும் என்றுதான் ரேவல் என்ற கிழவியிடம் சாகா வரம் கேட்டான். வரம் கிடைத்தது, செத்துச் செத்து எழுந்ததில் எதற்காகக் கேட்டோம் என்பது மறந்துபோனது. கடைசியில் தன்னிடமிருந்து பிரிந்துபோன சாவையே தேடிப்பிடித்து மறுபடி சேர்த்துக்கொள்கிறான். பிறகு கண் விழிப்பது நரகத்தின் முடிவில்லாத போர்க்களத்தில். கீழே கிடக்கும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு நடக்கிறான். அதை வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

செவ்வாய்

அல்டிமாவை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட், அதில் தன் ராஜா கேரக்டரான லார்ட் பிரிட்டிஷை யாராலும் கொல்ல முடியாதபடி வைத்திருந்தார். 1997 ஆகஸ்டில் அல்டிமா ஆன்லைன் வெள்ளோட்டத்தில் சர்வர் விழுந்து எழுந்த பிறகு அந்தக் காப்பு போடாமல் விட்டுப்போனது. கூட்டத்திலிருந்து ஒருவர் நெருப்புச் சுவர் ஒன்றை ஏவ, ராஜா அத்தனை பேர் கண் முன்னால் செத்து விழுந்தார். இன்றுவரை பேசுகிறார்கள். பார்த்தவர்கள் இருந்ததால் அது நிலைத்தது.

வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் 2023 ஆகஸ்டில் வந்த ஹார்ட்கோர் சர்வர்களிலும் இதேதான் நடக்கிறது. அங்கே செத்தவன் மறுபடி எழ முடியாது. ஆனால் ஆவியாக நின்று தோழர்களோடு பேசலாம், கில்ட் என்ற வீரர் குழுவின் தலைவனாக இருந்தால் பொறுப்பை இன்னொருவருக்குக் கைமாற்றலாம். அதற்கப்புறம் சாதாரண சர்வருக்குக் காசில்லாமல் மாற்றிக்கொண்டு அங்கே உயிரோடு தொடரவும் வழி வைத்திருக்கிறார்கள். மாசக்கணக்கில் வளர்த்தவனை எதுக்கு மாமா விடணும் என்கிறான் அக்கா பையன். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே அவன் எப்படிச் செத்தான் என்று தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பொறுப்பைக் கைமாற்றும் அந்தச் சின்ன விதியை எழுதியவர் யாரோ, விஷயம் புரிந்தவர். கில்ட் நாளைக்கும் கூட வேண்டும், யாரை அனுப்பலாம், செத்தவன் இடத்தில் யார் முன்னால் நிற்பது என்று பேசியாக வேண்டும்.