ஒரு காரின் மூக்கும் நம் குழுவில் நடந்த சண்டையும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். விஷயம் பி.எம்.டபிள்யூ காரின் மூக்கு. "சார் ஓட்டுவது பழைய ஸ்கூட்டர், அவருக்கு எதற்கு பி.எம்.டபிள்யூ கவலை" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இரண்டு படங்களைப் போட்டார். ஒன்று 2020இல் வந்த 4 சீரிஸ். முன்பக்கம் இரண்டு பெரிய ஓட்டைகள், பானெட் விளிம்பிலிருந்து பம்பர் அடி வரை. இன்னொன்று 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக் கண்காட்சியில் வைத்த ஐஎக்ஸ்3 என்ற மின்சாரக் கார். அதில் மூக்கு சின்னதாகி, நடுவில் ஒடுக்கமாக நிற்கிறது. "எது அழகு?" என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

ஒருவர் பெரிய மூக்கைக் "கம்பீரம்" என்றார். இன்னொருவர் "முயல் பல்" என்றார். "ரசனை கெட்டவன்" என்று ஒருவர், "காசு இருந்தா எதையும் அழகுன்னு சொல்லுவ" என்று மற்றவர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான்காம் நாள் ஒருவர் குழுவைவிட்டே வெளியேறினார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நடுவில் ஒரு தகப்பன் எழுதினான்: "என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு கார் டிசைன் படிக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்குது. ஊர் சிரிக்கிற மாதிரி மூக்கு வரையறதுக்கா நான் பணம் கட்டணும்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இந்தப் பதிவு முக்கியமாக அவள் அப்பாவுக்கு. மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் கொஞ்சம் பாடம். (என்னிடம் படித்தவர்களுக்கு வேறு வழியில்லை.)

காருக்கு மூக்கு எதற்கு? பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியைத் தண்ணீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும், அதனால் முன்னால் ஓட்டை வேண்டும். ஓட்டையில் கல்லும் குப்பையும் போகாமல் இருக்க ஒரு சல்லடை. அதுதான் கிரில். அந்தக் கம்பெனி 1933இல் கொண்டுவந்த 303 என்ற காரில் இந்தக் கிரில்லை இரண்டாகப் பிளந்து, ஓரங்களை வளைத்து வைத்தது. பார்ப்பதற்கு இரண்டு சிறுநீரகம் போல இருந்ததால் அதற்கு அப்படியே பெயர் நிலைத்துவிட்டது.

இந்தச் சிறுநீரகம் ஒரே அளவில் இருந்ததே இல்லை. 1936இல் வந்த 328 பந்தயக் காரில் நெட்டையாக நின்றது. 1950களின் 507 காரில் படுத்துக்கொண்டு அகலமாகிவிட்டது. 1961இல் வந்த 1500 காரில் சுருங்கி, நடுவில் ஒடுக்கமாக நின்றது. பெரிய மூக்கை ஆதரித்து எழுதிய தம்பி இந்த வரலாற்றைத்தான் சுட்டிக்காட்டினான்: "சார், 328லயே நெட்டையாத்தான் இருந்தது. இது புதுசு இல்ல, பாட்டன் மூக்கு." நல்ல வாதம். அவன் இன்னொன்றும் சொன்னான். தெருவில் எல்லாக் காரும் ஒரே மாதிரி ஆகிவிட்ட காலத்தில், நூறு அடி தூரத்திலேயே இன்ன கார் என்று தெரிவது கம்பெனிக்கு ஒரு சொத்து. அதுவும் சரிதான்.

எதிர்த்தவன் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன். அவன் சொன்னதில் இருக்கும் இயற்பியல் எனக்கு இன்னும் பிடித்தது. "அந்தக் காலத்துல ரேடியேட்டரே உயரமா நெட்டுக்குத்தா நின்னுச்சு, அதுக்கேத்த மூக்கு. இப்ப அவ்வளவு உயர ஓட்டைக்கு என்ன அவசியம்? முன்னாடி லேசா இடிச்சா மொத்த முகமும் போச்சு. உள்ள சென்சார் வேற. தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கிற வேலையா சார் இது?" அழகைப் பற்றிக் கேட்டால் செலவைப் பற்றிப் பேசுகிறான் என்று அவனைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்குத் தேவையில்லாத உறுப்பு கண்ணை உறுத்துகிறது என்பதும் ஒரு ரசனைதான்.

இந்தச் சண்டை நம் குழுவில் ஆரம்பித்ததல்ல. 2001இல் அதே கம்பெனி புதிய 7 சீரிஸ் காரை வெளியிட்டபோது உலகமே சண்டை போட்டது. டிக்கி மூடி தனியாகச் செய்து மேலே வைத்த மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் கிறிஸ் பேங்கிள் என்ற அமெரிக்கர். அவரை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லி இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். உண்மையில் அந்தக் காரின் வெளித்தோற்றத்தை வரைந்தவர் ஏட்ரியன் வான் ஹோய்டோங்க் என்ற டச்சுக்காரர். திட்டு முழுவதையும் தலைவர் வாங்கிக்கொண்டார். கார் என்ன ஆனது? அதற்கு முந்தைய 7 சீரிஸ் எதையும்விட அதிகமாக விற்றது. பேங்கிள் 2009இல் விலகியதும், கம்பெனிக் குழுமத்தின் வடிவமைப்புக்குத் தலைவரானவர் அதே டச்சுக்காரர்.

"பாத்தீங்களா சார், முதல்ல திட்டுவாங்க, அப்புறம் பழகிடும்" என்று ஆதரவு அணி இப்போது கை தட்டும். பொறுங்கள். பழகினால் பிடித்துப்போகும் என்பதற்கு ஆராய்ச்சியே உண்டு. 1968இல் ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியல் அறிஞர், அர்த்தம் தெரியாத சொற்களையும் எழுத்துக்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் மாணவர்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பலமுறை. அதிகம் பார்த்ததை நல்லது என்றும் பிடித்தது என்றும் சொன்னார்கள். நம் தலைமுறைக்கு அம்பாசடர் அழகாகத் தெரிவதற்கும் இதில் பங்கு உண்டு. கிரில்லையும் சில்லறைச் சாமான்களையும் மாற்றி மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் வைத்து, 2014 வரை கிட்டத்தட்ட ஒரே உடம்பைக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு பார்த்த முகம், அழகாகத்தானே தெரியும்?

ஆனால் எல்லாம் பழகிவிடுவதில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1957இல் எட்செல் என்று ஒரு காரை, நிறுவனரின் மகன் பெயரிலேயே, பெரிய விளம்பரத்தோடு இறக்கியது. அதன் நடுமூக்கும் நெட்டையாக நின்றது. குதிரைக் கழுத்துப் பட்டை என்றார்கள், கழிப்பறை இருக்கை என்றார்கள். விலை, அந்த வருடத்துப் பொருளாதாரச் சரிவு, கட்டுமானக் குறைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1959 முடிவதற்குள் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வடிவமைப்பாளர் முதலில் நினைத்தது மெல்லிய, ஒடுங்கிய மூக்கு. இன்ஜினுக்குக் காற்று போதாது என்று பொறியாளர்கள் பயந்ததால் அதை அகலப்படுத்தினார்கள். ஊர் சிரித்த மூக்கில் பாதி, ரேடியேட்டர் போட்ட மூக்கு!

அந்த வடிவமைப்பாளர் பெயர் ராய் பிரவுன். தகப்பனே, இந்தப் பெயரை மட்டும் குறித்துக்கொள். எட்செல் தோற்றதும் அவரைக் கம்பெனியின் இங்கிலாந்துப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் தலைமையில் வரைந்த கார்தான் 1962இல் வந்த கார்ட்டினா. பிரிட்டன் தெருக்களை நிறைத்த கார். கையும் கண்ணும் அதே மனிதருடையவைதான். ஒன்றுக்கு உலகம் சிரித்தது, மற்றொன்றை வரிசையில் நின்று வாங்கியது.

சரி, "சார் நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்பீர்கள். நழுவ மாட்டேன். 4 சீரிஸின் மூக்கு எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் அளவு இல்லை. அவ்வளவு உயரமான மூக்கின் குறுக்கே நம்பர் பிளேட் வந்து உட்காருகிறது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் முன்பக்கம் பிளேட் கட்டாயமில்லை. நம் ஊரில் கட்டாயம். பிளேட் இல்லாத படத்தில் அந்தக் கார் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. தெருவுக்கு வந்ததும் மூக்கின்மேல் பிளாஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. புது ஐஎக்ஸ்3 எனக்குப் பிடித்திருக்கிறது. மின்மோட்டாரில் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. பேட்டரிக்கும் மற்றதுக்கும் கொஞ்சம் காற்று கீழே போனால் போதும். தேவை குறைந்தது, மூக்கும் குறைந்தது. என் மூளைக்கு அது கணக்காகப் பொருந்துகிறது. ஆனால் இது என் ரசனை. 1961 மாடலின் முகத்தை ஞாபகப்படுத்துவதால் என் வயதுக்காரனுக்குப் பிடிக்கிறது என்றும் யாராவது சொல்லலாம். மறுக்க மாட்டேன்.

வயது என்றதும் நினைவுக்கு வருகிறது. 2020 நவம்பரில் ஐஎக்ஸ் என்ற மின்சாரக் காரை அறிமுகம் செய்தபோது அதற்கும் பெரிய மூக்குதான், ஆனால் மூடிய மூக்கு. பின்னால் கேமராவும் ரேடாரும். அதைக் கிண்டல் செய்தவர்களுக்குக் கம்பெனியே சமூக வலைத்தளத்தில் "ஓகே பூமர், மாறாமல் இருக்க உன் காரணம் என்ன?" என்ற தொனியில் பதில் போட்டது. வாங்கும் வசதி இருப்பதே அந்த வயதுக்காரர்களிடம்தான்! நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நம் குழுவிலும் "பூமர்" என்ற சொல் தாராளமாகப் பறக்கிறது. இருபது வயதுப் பையன் சொன்னாலும், ஐம்பது வயது நண்பன் சொன்னாலும், அது பதில் ஆகாது. "ஏன் பிடிக்கவில்லை" என்று ஒருவன் காரணம் சொன்னால், காரணத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். "ரசனை கெட்டவன்" என்பதும் அதே கணக்கில்தான் வரும். வெளியே போனவனை, திட்டியவனே போன் செய்து கூப்பிட வேண்டும். இது ஆசிரியர் உத்தரவு.

இப்போது அந்தத் தகப்பனுக்கு.

தம்பி, ஒரு காரின் முகம் ஒரு ஆள் ஒரு மாலையில் வரைவதல்ல. பலர் வரைந்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, களிமண்ணில் முழு அளவில் கார் செய்து, சுரண்டிச் சுரண்டித் திருத்துவார்கள். காற்று எதிர்ப்பைப் பார்ப்பவர், நடந்து போகிறவர்மீது இடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்பவர், செலவைப் பார்ப்பவர் எல்லோரும் அதில் கை வைப்பார்கள். அதற்குப் பிறகு உலகமே ஒரு நொடி பார்த்துவிட்டு "நல்லா இல்ல" என்று சொல்லும் வேலை அது. உன் பெண் அந்த வேலைக்குப் போக நினைக்கிறாள் என்றால் அவளுக்குத் தைரியம் இருக்கிறது. அதைச் சிரிப்புப் பொம்மைக்கு நடுவில் வைக்காதே. அவள் அந்தக் குழுவில் இல்லை, ஆனால் உன் போன் அவள் கையில்தான் பாதி நேரம் இருக்கும்.

பணத்தைப் பற்றிய உன் கவலை நியாயமானது. அதனால் வழியையும் சொல்கிறேன். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் யூசீட் என்ற நுழைவுத்தேர்வு எழுதலாம், நடத்துவது மும்பை ஐ.ஐ.டி. தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு உண்டு. இரண்டிலும் வரைதிறன் பார்ப்பார்கள். முதலில் பொதுவான வடிவமைப்புப் பட்டம். பிறகு வாகன வடிவமைப்பில் முதுகலை, காந்திநகரில் உள்ள தேசிய நிறுவனத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கிடைக்காமலும் போகலாம், அதையும் அவளிடம் சொல். நம் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்களைப் பொருத்துகிறார்கள். சுற்றிலும் எத்தனையோ கார் கம்பெனிகள். பூட்டுவதற்கு நம் பிள்ளைகள் போகிறார்கள், பெருமைதான். வரைவதற்கும் ஒருத்தி போகட்டுமே.

ஞாயிறு காலை அவளை வீட்டுக்கு அனுப்பிவை. வரைந்த நோட்டுகளோடு வரச் சொல். வரைபடத்தில் எனக்கு ஞானம் கிடையாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுக் குடையத் தெரியும். பட்டறைத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். இடித்தால் எது உடையும் என்று அவன் சொல்வான்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டு வாசலிலோ எதிர்வீட்டிலோ நிற்கும் காரின் முகத்தை, பார்க்காமல், ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் வரையுங்கள். அப்புறம் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தைக் கீழே கமென்ட்டில் போடுங்கள். மதிப்பெண் உண்டு, திட்டு கிடையாது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்