அரைமணி நேர அலைவரிசை

ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது. இலவச வைஃபை தேடிப் புறப்பட்ட நண்பர்கள் நால்வருக்கும் இதன் பொருள் நண்பகலுக்குப் பிறகே விளங்கியது.

2006இல் நோக்கியா இங்கே அலைபேசி செய்யத் தொடங்கி 2014 நவம்பரில் ஆலையை மூடியது. இன்று இதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்கிறது. இத்தகைய ஊரில் அலைக்கா பஞ்சம் என்று எண்ணினோம். பேருந்து நிலையம், கடைவீதி, ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசல் என எங்கு நின்றாலும் திரையில் வந்த பெயர்கள் யாவும் பூட்டுச் சின்னத்தோடே வந்தன. திருக்கோட்டியூர்க் கோபுரமேறி மந்திரத்தை ஊருக்கே அறிவித்ததாகக் குருபரம்பரைக் கதைகள் கூறும் ராமானுஜர் பிறந்த தலமாயிற்றே என்று நண்பர் ஒருவர் அங்கலாய்த்தார்.

தேநீர்க் கடைக்காரர் சிரித்தார். "வைஃபையா? அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறா?" உண்மைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மலிந்துபோன தரவு, இலவச வைஃபை மீதிருந்த ஆவலைத் தணித்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரெயில்டெல்லும் தொடங்கிய நிலைய வைஃபை, 2020இல் கூகுள் விலகல் அறிவித்த பின்னும் ரெயில்டெல்லால் தொடர்கிறது; முதல் அரைமணி இலவசம். ஆகவே நிலையத்தைத் தேடி ஒரகடம் வழியே சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பேருந்தேறினோம். வழிநெடுக ஆலை மதில்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி பற்றிப் பேச்சு வந்தது: 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரும் இரவில் வீட்டை அழைத்தால் எத்தனை மொழிகள் கேட்கும்!

நடைமேடையில் எங்களுக்கு முன்பே ஓர் ஒடிய இளைஞர் அமர்ந்திருந்தார். ரீசார்ஜ் தீர்ந்து இரண்டு நாளாம். குறுஞ்செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த எண்ணுக்கு வரும் கடவுக்குறி இல்லாமல் இந்த இலவசமும் திறக்காது. ரீசார்ஜ் செய்யாவிட்டால் குறுஞ்செய்தியும் சில நாட்களில் நின்றுவிடும். கையில் எதுவுமில்லாதவனுக்கு இக்கதவும் அடைபடும் என்பதுதான் எங்களுக்கு உறுத்தியது. திரையில் அவருடைய தாயார். இணைப்பு சட்டென அறுந்தது.

செங்கல்பட்டில் இறங்கினால் இன்னோர் அரைமணி கிடைக்குமா என்று உடைந்த தமிழில் கேட்டார். ஓர் எண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறைதான் என்றோம். எங்கள் இணைப்பைத் தருவதாகச் சொன்னதற்கு, அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பாள் என்றார்.